தனித்தாய் கம்யூனிட்டி காலேஜில் படிக்கும்போது: துணை நிற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் (ஈராண்டுப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) படிக்கும் கறுப்பினத் தனித்தாய்மாருக்கு ஊக்க உரை தேவையில்லை. பிள்ளையையும் வேலையையும் வைத்துக்கொண்டு படிக்க வந்தவருக்கு ஊக்கம் குறைவாகவா இருக்கும்? கை இருப்புதான் குறைவு. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2022-ல் எடுத்த கணக்கின்படி வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 44,900. கார் பழுதானால் கைமாற்று கேட்கவும் ஆள் இருக்காது. அதனால் விதிகளை முன்கூட்டியே தெரிந்து சொல்வதுதான் உருப்படியான உதவி.

முதலில் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம். 24 வயது ஆகாமல் அம்மா வீட்டிலேயே இருப்பவர், தன்னைப் பெற்றோரைச் சார்ந்தவர் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் அந்த மாணவியே பார்த்தால் அவர் சாராத மாணவி. பெற்றோர் வருமானத்தைக் காட்ட வேண்டாம். தனிப் பெற்றோரான மாணவியின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 225 சதவீதத்துக்குள் இருந்தால், திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் முழுதாக உண்டு: 2025-26-ல் 7,395 டாலர். குறைந்த கிரெடிட் (பாடச் சுமையின் அளவு) எடுத்தால் தொகையும் குறையும்.

குழந்தைக் காப்பகச் செலவைக் கல்லூரியின் செலவு மதிப்பீட்டில் சேர்க்கலாம். பல இடங்களில் கேட்டால்தான் சேர்ப்பார்கள். காப்பகத்தின் கட்டண விவரத்தோடு நிதியுதவி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இது பணமாகக் கைக்கு வராது, உதவி பெறும் உச்சவரம்பைத்தான் உயர்த்தும். அந்த இடத்தைக் கடனால் நிரப்புமுன் யோசிக்க வேண்டும்.

உணவு உதவியான ஸ்னாப், பாதி நேரமோ அதற்கு மேலோ படிப்பவருக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் 6 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பராமரிப்பவருக்கும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு முழுநேரம் படிக்கும் தனிப் பெற்றோருக்கும் விலக்கு உண்டு. வருமான வரம்பு தனி. ‘மாணவர்களுக்குக் கிடையாது’ என்று திருப்பி அனுப்பினால், விலக்கைச் சொல்லி முடிவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது செமஸ்டர் நடுவில். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, காப்பகம் மூடிவிட்டது என்று 6-வது வாரத்தில் எல்லா வகுப்பையும் விட்டுவிடுகிறார்கள். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்குள் விலகினால், மத்திய அரசு உதவியில் மீதி நாட்களுக்குரிய பங்கு திரும்பப் போகும். 15 வார செமஸ்டரில் அந்த எல்லை ஏறக்குறைய 9-வது வாரம். கல்லூரி திருப்பிக் கட்டிய தொகை மாணவி பெயரில் பாக்கியாக நிற்கும். அடுத்த பதிவும் முடங்கலாம். ஒன்றிரண்டு வகுப்பை மட்டும் விட்டால் இந்தக் கணக்கு வராது, வேறொன்று வரும்: உதவி தொடர, எடுத்த கிரெடிட்களில் சுமார் 67 சதவீதம் தேற வேண்டும். நான்கில் இரண்டை விட்டால் 50தான். ஆகவே விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலரைப் பார்க்க வைப்பது அவசியம். மீதிப் பாடத்தைப் பிறகு முடிக்க இடம் கொடுக்கும் ‘இன்கம்ப்ளீட்’ குறியீட்டைத் தர ஆசிரியர் ஒப்புவாரா என்றும் கேட்கலாம்.

கர்ப்பம், பிரசவம் என்றால் பேச்சே வேறு. மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம் முழுவதும் விடுப்பை ஏற்று, அதே நிலையில் மீண்டும் சேர்க்க கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் கல்லூரியைக் கட்டாயப்படுத்துகிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் தொடங்கிய ஏசாப் என்ற துணைத் திட்டம் ஆலோசகர், பயண அட்டை, கட்டணப் பற்றாக்குறைக்கான தொகை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்களின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 40 ஆனது. ஆனால் முழுநேரப் படிப்பு அதன் நிபந்தனை. இரவுப் பணி பார்க்கும் தாயை அதில் தள்ளுவது உதவியாகாது.

அந்த 67 சதவீதத்தை எட்டாமல் நிதியுதவி நின்றுவிட்டால் மேல்முறையீடு உண்டு. கடிதத்தில் மூன்றே விஷயம் போதும்: என்ன நடந்தது, அதற்கான தாள் (மருத்துவச் சீட்டு, காப்பகம் மூடிய அறிவிப்பு), இப்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மாற்றுக் காப்பகத்தின் பெயரை அங்கே எழுதச் சொல்லுங்கள்.