முள் சொன்ன நூறு

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். அதைப் பற்றிப் பேசுவதும் நான்தான். கல்யாணப் பந்தியில் இலையைத் துடைத்துக்கொண்டே, "நூறுக்குக் குறையாமல் வந்தேன்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வதில் ஒரு சுகம் உண்டு. போன ஆவணி மாதம் வரை அந்தச் சுகத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

பாளையங்கோட்டையில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் 9 முதல் 10.30. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் 6.10 ஆனபோது மதுரையிலிருந்து கிளம்பினோம். பின் இருக்கையில் மடியில் சீர்த்தட்டுடன் உட்கார்ந்திருந்த மாமனார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரியாக ஆறு" என்றார். அந்தப் பத்து நிமிட வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கம்.

மனைவி முன் இருக்கையில் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பாதைக்கு வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கப்பலூரைத் தாண்டிவிட்டால் திருநெல்வேலி வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருப்பேன், அவர் பக்கத்தில் இல்லாவிட்டால்.

விருதுநகர் போனதும் சாலை காலியானது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. வேகமானியின் முள் 80ஐத் தொட்டதும் கார் மணியடித்தது. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு இந்த மணியைக் கட்டாயமாக்கினார்கள். 80ஐத் தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும், 120ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். மனைவி முன்பெல்லாம் இந்த மணிக்குத் திடுக்கிடுவார். இப்போது கோயில் மணி போல எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார். முள்ளை 100இல் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க, எவ்வளவில் போகிறீர்கள்?"

"நூறு."

"போனில் 94 என்று இருக்கிறதே?"

"டவர் கிடைத்திருக்காது."

பின்னாலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. "ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை என்று பேரன் சொன்னான், மாப்பிள்ளை."

என் மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (2022இல் அந்தப் பதவியின் பெயரை ரயில் மேலாளர் என்று மாற்றிவிட்டார்கள். அவரிடம் அதைச் சொன்னால் முகம் வாடும்.) வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு முப்பது வருடம் நின்ற மனிதர். வேகத்தைக் காதாலேயே அளப்பார். அந்தக் காலத்தில் 13 மீட்டர் தண்டவாளத் துண்டுகளை இணைத்துப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'தடக்' என்னும். 47 விநாடிக்குள் எத்தனை தடக் கேட்கிறதோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு. இப்போது நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் தடக்கும் போயிற்று, கணக்கும் போயிற்று என்று வருத்தப்படுவார். பல வருடம் கழித்து அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் என் கார்.

"முள்ளை அசையாமல் பிடியுங்கள் மாப்பிள்ளை. கிலோமீட்டர் கல் வரட்டும்."

சாத்தூர் தாண்டியது. மஞ்சள் தலை போட்ட கல் வந்ததும் "ம்!" என்றார். அடுத்த கல்லுக்கு இன்னொரு "ம்!". 38 விநாடி. நூறில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 36 விநாடிதான் ஆக வேண்டும். இரண்டாவது தடவையும் 38. மூன்றாவது தடவை ஒரு லாரி கல்லை மறைத்துவிட்டது. அந்த லாரியை மனதார வாழ்த்தினேன். ஆனால் தீர்ப்பு அதற்குள் எழுதப்பட்டுவிட்டது.

"3,600ஐ 38ஆல் வகுத்தால் 94.7. போன் சரியாகச் சொல்கிறது."

"அப்படியானால் இத்தனை வருடமாக நூறு நூறு என்று சொன்னது?" என்றார் மனைவி.

"முள் சொன்னதைச் சொன்னேன்."

இழந்த மரியாதையில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று, போனுக்கு வேகம் எப்படித் தெரிகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் அலையின் அதிர்வெண், நாம் நகர நகரச் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு போன் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. இதை நான் முடிப்பதற்குள் மாமா, "அடடே, பிளாட்பாரத்தில் நிற்கும்போது எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே கடந்து போனால் சத்தம் கீச்சென்று வந்து கனமாகப் போகுமே, அதுதானே!" என்றார். அதுதான். என் விளக்கத்தை விட அவர் ஒரு வரியில் சொன்னதுதான் மனைவிக்குப் புரிந்தது. மரியாதை இன்னும் கொஞ்சம் குறைந்தது.

போனிலும் குறை இருக்கிறது என்பதைக் காட்ட, ஒரு தடவை வேகத்தைச் சட்டென்று குறைத்தேன். முள் உடனே இறங்கியது. போன் ஒரு நொடி யோசித்துவிட்டு இறங்கியது. "பார்த்தீர்களா!" என்றேன். சீர்த்தட்டிலிருந்து இரண்டு ஆப்பிள்கள் உருண்டன. யாரும் பாராட்டவில்லை.

கோவில்பட்டியில் தேநீருக்கு நிறுத்தினோம். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே மனைவி போனில் தேடி ஒரு விதியைக் கண்டுபிடித்துப் படித்தார். ஐரோப்பா உட்பட உலகில் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் எண் விதி. முள் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. அதாவது கார் உண்மையிலேயே நூறில் போகும்போது முள் 114 காட்டினாலும் குற்றமில்லை. 99 காட்டினால் குற்றம்.

காரணம் எளிது. தான் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது காருக்கே தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். டயர் தேய்ந்தால், காற்று குறைந்தால், வேறு அளவு டயர் மாட்டினால் ஒரு சுற்றுக்கான தூரம் மாறிவிடும். எந்த நிலையிலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாதே என்று தயாரிப்பவர்கள் முதலிலேயே கொஞ்சம் கூட்டி வைத்துவிடுகிறார்கள்.

என் அப்பா ஓட்டிய அம்பாசடரில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அதன் வேகமானிக்குள் ஒரு காந்தம் சுழலும். அதைச் சுற்றியிருக்கும் உலோகக் கிண்ணம் அந்த இழுப்பில் திரும்பும். ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். ஜெர்மனிக்காரரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. எங்கள் வண்டியில் கேபிள் காய்ந்துபோய், முள் 50க்கும் 70க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அப்பா நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார். அது பொய் சொன்னாலும் கை நடுங்கிக்கொண்டே சொன்னது. இந்தக் காலத்து முள் கண் இமைக்காமல் சொல்கிறது.

மாமா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "மதுரையிலிருந்து பாளையங்கோட்டைக்குச் சுமார் 160 கிலோமீட்டர். நூறில் போனால் 96 நிமிடம். 94இல் போனால் 102. எல்லாக் கல்யாணத்துக்கும் நீங்கள் ஐந்தாறு நிமிடம் தாமதமாக வருவது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது, மாப்பிள்ளை."

அந்தக் கல்யாணத்துக்குத் தாமதமில்லை. ஆனால் பந்தியில் நான் இலையைத் துடைக்கத் தொடங்கியபோது எதிர் வரிசையில் மாமா மூன்று பேருக்கு 38 விநாடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரசத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்தேன்.

அடுத்த மாதம் டயர் மாற்ற வேண்டி வந்தது. புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். என்னுடையது 3க்கு வந்திருந்தது. சக்கரத்தின் மொத்த விட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்துபோயிருக்கிறது. புது டயரோடு புறவழிச்சாலையில் முள்ளை நூறில் வைத்தேன். போனில் 95, ஒரு கணம் 96. வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னேன்.

"இருபதாயிரம் ரூபாய்க்கு ஒன்றரை கிலோமீட்டரா?" என்றார் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முக்காலியைப் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தை எடுத்தேன். பிள்ளைகள் பள்ளி வேனைத் தவறவிடக் கூடாது என்பதற்காக மனைவி பல வருடமாக அதைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். "இந்த வீட்டில் இனி எதுவும் கூட்டிச் சொல்லக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, போனைப் பார்த்து நொடி சுத்தமாகச் சரி செய்து மாட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வேன் 7.35க்கு வந்து 7.36க்குப் போனது. மகன் அப்போது ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தான். "கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிடம் கழிக்க வேண்டும் என்று நினைத்தேன் அப்பா" என்றான். பள்ளி வரை நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் முள் 40. உண்மையில் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாலையில் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது என் போனில் 6.40. கூடத்துக் கடிகாரத்தில் 6.50. அதற்குக் கீழே முக்காலி எடுக்கப்படாமல் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, காபி கேட்டேன்.