திப்பியும் திப்பிலியும்

திப்பி என்றால் என்னவென்று சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, பாலை வடித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற நார்ச்சக்கை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். புளித்த வாடை பஸ் ஜன்னல் வரைக்கும் வரும். காய்ந்ததும் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். எங்கள் வீட்டு மாடுகள் அதைத் தின்றுதான் பால் கறந்தன. அந்தப் பாலை விற்ற காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

கடந்த தை மாதம், உறவில் மாமா முறையாகும் ஒரு விவசாயியிடம் ஒன்றரை மணி நேரம் பேசி ஒலிப்பதிவு செய்தேன். மரவள்ளி விவசாயிகள் ஆலைகளோடு விலை பேசும் முறைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இது மூன்றாம் ஆண்டு. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத எனக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். அதனால் பேச்சை எழுத்தாக்கித் தரும் ஒரு செயலியில் பதிவை ஏற்றினேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பதினெட்டுப் பக்கம் தயாராக இருந்தது. முதல் இரண்டு பக்கங்களைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது, அவ்வளவு நிம்மதி. மூன்றாம் பக்கத்தில், "திப்பிலி விலையும் போய்விட்டது" என்று மாமா சொன்னதாக இருந்தது.

மாமா வாழ்நாளில் திப்பிலி பயிரிட்டதில்லை. அவர் சொன்னது திப்பி. செயலி அந்தச் சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டாது. தனக்குத் தெரிந்ததில் அதற்கு நெருக்கமான ஒன்றை வைத்துவிட்டது. சித்த மருத்துவக் குறிப்புகளிலும் ரசப்பொடிச் செய்முறைகளிலும் திப்பிலி ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. திப்பியை யார் எழுதியிருக்கிறார்கள்?

அடுத்தது இன்னும் மோசம். "பாயிண்ட் விழுந்துவிட்டது" என்று மாமா நான்கைந்து முறை சொல்லியிருந்தார். எழுத்தில் அது சரியாகவே வந்திருந்தது. ஆனால் அதே செயலி கடைசியில் கொடுத்த சுருக்கத்தில், "விவசாயியிடம் வாதிடுவதற்குப் போதிய கருத்துகள் இல்லை" என்று இருந்தது. எங்கள் ஊரில் பாயிண்ட் என்பது கிழங்கின் மாவுச்சத்து அளவு. கிழங்கைத் தண்ணீரில் மூழ்கவைத்து எடை போட்டுக் கணக்கிடுவார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கித்தான் டன் விலை முடிவாகும். 28 வரும் என்று நம்பி ஏற்றிக்கொண்டு போன லோடுக்கு ஆலையில் 24 என்று சொன்னால் பேச்சு முடிந்தது. கிழங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரவும் முடியாது, இரண்டு நாளில் கறுத்துவிடும். மாமாவின் ஒன்றரை மணி நேரமும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருந்தது. வாதிடுவதற்கு அவரிடம் கருத்து இல்லாமலா போயிற்று?

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவை வேண்டாம் என்று தள்ளுகிறவள் இல்லை நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். முதுகலைக்கு வந்தபோது ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையைப் படித்து முடிக்க எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. இன்று ஒரு பத்தியைக் கொடுத்து, "இதில் ஆசிரியர் எதை மறுக்கிறார்?" என்று நள்ளிரவில் கேட்டால் பதில் வருகிறது. எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்களுக்குப் புரியவைப்பது கடினம்.

மாவுப்பூச்சியைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன். 2020க்குப் பிறகு எங்கள் பக்கத்து மரவள்ளியைச் சுருட்டிப் போட்ட பூச்சி அது. தென் அமெரிக்காவில் பிறந்து, 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே கோடிக்கணக்கானவர்களின் உணவை அழிக்கப் பார்த்திருக்கிறது. பராகுவேயில் அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு குளவியைக் கண்டுபிடித்து, ஆப்பிரிக்கா முழுக்க விட்டுத்தான் பூச்சியை அடக்கினார்கள். அந்தப் பணியை முன்நின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே அனாகைரஸ் லோபெசி குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் எங்கள் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நடந்த ஒன்று உலகத்தின் மறுபக்கத்தோடு இப்படிக் கோத்திருக்கிறது என்பதை ஒரே மாலையில் படித்து முடித்தேன். ஒவ்வொரு தகவலையும் மூலக் கட்டுரையில் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

அந்தப் பூச்சி எங்கள் பக்கம் வந்த ஆண்டு என் அப்பா என்ன செய்தார் என்று மட்டும் அதில் எங்கும் இல்லை. பூச்சி பரவுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று, முற்றாத கிழங்கை ஏழாம் மாதத்திலேயே பிடுங்கினார். பாயிண்ட் பாதாளத்துக்குப் போனது. அவரைப் போல எத்தனை பேர் பிடுங்கினார்கள், யார் கடன் கொடுத்தார்கள், என்ன வட்டி? இவை எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை அந்த இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்?

எடுக்க முடியாதபோது இட்டுக்கட்டும் என்பதுதான் ஆபத்து. முதல் ஆண்டில், சேலம் மரவள்ளி விலை பற்றிய ஆய்வுகளைக் கேட்டேன். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்க எண் எல்லாவற்றோடும் ஆறு கட்டுரைகள் வந்தன. அவற்றில் நான்கு உலகத்திலேயே இல்லை. ஒரு வாரம் நூலகத்தில் தேடி அலைந்த பிறகுதான் தெரிந்தது. நியூயார்க்கில் 2023இல் இரண்டு வழக்கறிஞர்கள் இதேபோல் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டியதைப் பின்னால் படித்தேன். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பதுதான் அதன் அடிப்படை வேலை. கட்டுரையின் பெயர்போல ஒலிக்கும் ஒன்றைச் செய்ய அதற்குக் கட்டுரை தேவையில்லை.

நாங்கள் ஐந்து பேர், வெவ்வேறு துறைகளில் ஆய்வு செய்கிறவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை ஏற்காட்டில் கூடுகிறோம். தாவரவியல் படிக்கும் தோழியின் வீடு அங்கே ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீடு, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டியது. அடிவாரத்தில் பஸ் மூச்சு வாங்கத் தொடங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்போது காது அடைத்திருக்கும். மாசிக் கடைசியில் போனபோது பறிப்பு முடிந்து செடிகள் வெறுமையாக நின்றன. பூ எடுக்க ஒரு மழை வேண்டும் என்று தோட்டமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சவுக்கு மரத்தில் ஏறிய மிளகுக் கொடிக்கு அடியில் பாய் விரித்து, திப்பிலிக் கதையை அவர்களிடம் சொன்னேன்.

கணினித் துறை அண்ணன் பாயின் ஓரத்து மண்ணில் குச்சியால் 'கிழங்கு' என்று எழுதினார். "நமக்கு இது நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடு. ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். சேமிக்க ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம், ஆக 21. ட்யூபர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 5" என்றார். இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. பழக்கமான ஆங்கிலச் சொல் ஒரே துண்டாக இருக்கும். தமிழ்ச் சொல் பலவாகச் சிதறும். துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற சேவைகளில் ஒரே செய்திக்குத் தமிழில் கேட்டால் அதிகம் செலவாகும். அந்த மண்ணெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரலாற்றுத் துறை அண்ணனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் அறிவியல் எழுத்துக்கென்றே வெளியிட்ட கேலக்டிகா, பொய்யை அறிவியல் நடையில் எழுதுகிறது என்ற கண்டனத்தால் மூன்றே நாளில் நிறுத்தப்பட்டதை நினைவூட்டினார். தோழி விடவில்லை. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்: "அது எப்படி முடிந்தது? 1971இலிருந்து உலகமெங்கும் ஆய்வாளர்கள் தாங்கள் கண்டறிந்த புரத வடிவங்களை ஒரே பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்தார்கள். ஐம்பது ஆண்டுச் சேமிப்பு. அதைப் படித்துத்தான் இயந்திரம் கற்றது. நம் ஊர்ப் பேச்சுக்கு, நம் ஊர்ப் பயிருக்கு அப்படி ஐம்பது ஆண்டு யார் சேர்த்துவைத்தார்கள்?"

அன்று பேசியதில் எனக்குள் தங்கிவிட்டது அந்தக் கேள்விதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் மலாயாச் சரக்கு நின்றபோது தொடங்கிய தொழில். எண்பது ஆண்டாக அதில் உழைத்தவர்களின் சொற்களுக்கு ஓர் அகராதி என் கைக்குக் கிடைக்கவில்லை.

தோழியின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் அதே தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழம் பறிக்கிறவர். நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மெஷினே எல்லாவற்றையும் எழுதினால், படித்து முடித்த பிறகு உங்களுக்கு வேலை இருக்குமா, சாமி?" என்று கேட்டார். ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்கிறேன், இது இன்னும் ஆறவில்லை. என் இரண்டாம் இயலை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். சிறு சிறு வாக்கியங்கள், பாடப்புத்தகத்தில் கற்ற சொற்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அதை, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் ஒரு மென்பொருளில் போட்டார்கள். பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று வந்தது. "உண்மையைச் சொல்லம்மா" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. கையெழுத்துக் குறிப்பேடுகள் நான்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் பிறகுதான் விட்டார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்திருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தேர்வில் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திர எழுத்து என்று தவறாகக் குற்றம் சாட்டின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. எளிய ஆங்கிலம் எழுதுவதாலேயே ஒரு பிள்ளை திருடியாகத் தெரிவது அநியாயம். சந்தேகம் இருந்தால் எதிரில் உட்காரவைத்துக் கேளுங்கள். பாயிண்ட் என்றால் என்ன, ஏன் 24, யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். களத்துக்குப் போனவளுக்கும் போகாதவளுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மலையிலிருந்து இறங்கும்போது, கடைசி பஸ்ஸில், கணினி அண்ணன் சாதாரணமாக ஒன்று கேட்டார். "மாமாவின் பதிவை ஏற்றும்முன் அவரிடம் கேட்டாயா?"

கேட்கவில்லை. ஆய்வுக்காகப் பதிவு செய்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மண்டிக்காரரிடம் அவர் வாங்கிய கடன் எவ்வளவு என்றும் இருக்கிறது. அத்தைக்கே தெரியாத தொகை அது. என்னை நம்பிச் சொன்னதை, எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கணினிக்கு அனுப்பிவிட்டேன். திப்பிலி என்று எழுதியது இயந்திரத்தின் பிழை. இது என்னுடையது. அந்த இருபது வளைவுகளிலும் எனக்குத் தலை சுற்றியதற்கு மலைப்பாதை காரணமில்லை.

மறுநாளே செயலியிலிருந்து பதிவை நீக்கினேன். அடுத்த ஞாயிறு மாமா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு செடியைப் பிடுங்கி, கிழங்கை முழங்காலில் வைத்து ஒடித்தார். படீரென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தை என்னிடம் நீட்டினார். வெள்ளை வெளேரென்று, ஈரம் குறைவாக, விரல் வைத்தால் மாவு ஒட்டியது.

"இது 28க்குக் குறையாது. ஒடிக்கிற சத்தத்திலேயே தெரியும். இதை எழுதிக்கொண்டாயா?"

எழுதிக்கொண்டேன். பிறகு வரப்பில் உட்கார்ந்து, என் போனில் இருந்த பதிவை முழுவதும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கடன் வரும் இடத்தில், "அதை எடுத்துவிடு பாப்பா" என்றார். அவர் கண் முன்னாலேயே வெட்டி நீக்கினேன். மீதி இருக்கட்டும் என்றார். ஆய்வேட்டில் யார் பெயரும் வராது, எண் மட்டும்தான் போடுவோம், அது உங்கள் பாதுகாப்புக்காக என்று விளக்கினேன்.

"எண் எதற்கு? நான் சொன்னதற்கு என் பெயரைப் போடு" என்றார்.

விதிமுறை அப்படி அனுமதிக்குமா என்று நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். பதினான்கு மணி நேரப் பதிவு இன்னும் மீதி இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, புரியாத சொற்களுக்கு ஒரு தனிப் பட்டியல் போகிறது. முதல் சொல் திப்பி.