உப்புக் கோடு

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது விளையாட்டுப் போட்டி, ஆசிரியர்கள் என்று வழக்கம்போல் ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்ததோ அம்மாவின் நகம்.

கடைசிப் பாடத்துக்கு நழுவி, திருகோணமலை டச் பே கடற்கரைக்கு ஓடுவோம். சட்டையைக் கழற்றி மணலில் வைத்தால் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து மோந்து பார்க்கும். தலை காய்ந்ததும் வீடு. அம்மா ஒன்றும் கேட்க மாட்டா. முன்னங்கையைப் பிடித்து நகத்தால் ஒரு கீறு. வெள்ளைக் கோடு விழுந்தால் கடல். அப்புறம் பூவரசங்கம்பு. அதையும் வேலியில் நாங்களேதான் முறித்துக் கொடுக்க வேண்டும். முதல் தடவை மெல்லிய கம்பாகப் பார்த்து முறித்தேன். மெல்லியதுதான் சுள்ளென்று ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடலுக்குப் போவதை விட்டோமா? நண்பன் வீட்டுக் கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு வரப் பழகினோம். கோடு விழவில்லை.

"எங்க போன?"

"படிச்சிட்டு வாறன் அம்மா."

பள்ளியிலும் பிரம்பு இருந்தது. வீட்டில் போய்ச் சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று அங்கேயும் விழும். பள்ளிகளில் அடிக்கக் கூடாது என்று இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. எங்கள் உள்ளங்கைகளுக்கு அது பிந்தி வந்த செய்தி.

நானும் சுத்தமான ஆள் இல்லை. லண்டனில், மகளுக்கு ஆறு வயதில், பால் கிளாஸை உடைத்தாள் என்று ஓர் அறை விட்டேன். உண்மையில் அது இரவு வேலை முடித்து வந்த களைப்பு. அடுத்த கிளாஸ் உடைந்தபோது துண்டுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் குப்பைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். என் மகள்தான்.

அவள் இப்போது கார்டிஃபில். வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் பெற்றோரும் பிள்ளையை அடிக்க முடியாது. 'நியாயமான தண்டனை' என்ற சாக்கு அங்கே செல்லாது. ஸ்கொட்லாந்தில் 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் காயம் வராத அடிக்கு அந்தச் சாக்கை 2004ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆக, பேரனைப் பார்க்க செவேர்ன் பாலத்தைத் தாண்டினால் என் கைக்கு வேறு சட்டம். சுவீடன் இதை 1979இலேயே முடித்துவிட்டது.

சங்கத்துக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால், "அடிச்சுத்தானே வளர்த்தாங்க, கெட்டா போனம்?" என்று யாராவது கேட்பார்கள். கெட்டுப் போகவில்லை, சரி. ஆனால் அடியால்தான் உருப்பட்டோம் என்று எப்படிக் கணக்கெழுதுவது? நான் படித்து முடிக்கும்வரை தூங்காமல் பக்கத்தில் கடதாசிப் பை ஒட்டிக்கொண்டிருந்தாவே அம்மா, அதை ஏன் யாரும் சேர்ப்பதில்லை? வேல்ஸ்காரர் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

போன ஓகஸ்டில் மகளோடும் பேரனோடும் ஊருக்குப் போயிருந்தேன். பேரனை டச் பேயில் குளிக்க வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். முற்றத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்து நகத்தால் ஒரு கீறு கீறினா.

"கடலுக்கோ போன?"

எனக்கு அறுபத்தெட்டு வயது. கோடு வெள்ளையாக விழுந்தது. பேரனும் தன் கையை நீட்டினான், தனக்கும் ஒன்று போடச் சொல்லி.