தூளி கட்டுவீங்களா?

எங்க பாப்பா தூளியில மட்டும்தான் தூங்குவா. என்னோட பழைய காட்டன் புடவை, சீலிங் கொக்கி, நடுவுல அகலமா பிரிச்சு வைக்க ஒரு தொட்டில் கட்டை, அவ்வளவுதான் செட்டப்பு. ஆட்டறத நிறுத்தினா போதும், கண்ண முழிச்சு ஏன் நிறுத்துனன்னு பார்ப்பா. அதனால டேகேர் தேட ஆரம்பிச்சப்போ போன இடத்துல எல்லாம் என் மொத கேள்வியே தூளி கட்டுவீங்களாங்கறதுதான். கூட வந்த வீட்டுக்காரருக்கு மானம் போச்சு, ஃபீஸ் கேளு, சேஃப்டி கேளு, இத போய் கேக்கறியேன்னார். ஆனா இப்ப திரும்பிப் பார்த்தா அந்த ஒரு கேள்விதான் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு.

கதைய முன்னாடிலேர்ந்து சொல்றேன். எனக்கு வேலை பெருங்குடி பக்கம், வீடு வேளச்சேரி, அவருக்கு ஆபீஸ் அம்பத்தூர், காலைல ஏழரைக்கு கிளம்பினா வீடு வர எட்டு ஆகும். 2017ல மகப்பேறு சட்டத்த திருத்தினதுலேர்ந்து மொத ரெண்டு குழந்தைக்கு சம்பளத்தோட 26 வாரம் லீவு. அதுக்கு முன்னாடி வெறும் 12 வாரம்தான், எங்க டீம் சீனியர் அக்காங்க எல்லாம் மூணு மாசக் குழந்தைய விட்டுட்டு எப்படித்தான் வந்து உக்காந்தாங்களோ. 26 வாரம்னா கேக்கறதுக்கு நெறையா இருக்கும், கணக்கு போட்டா ஆறு மாசம், அதுல டெலிவரிக்கு முன்னாடியே ரெண்டு வாரம் போயிடுச்சு. இருந்த லீவு எல்லாத்தையும் சுரண்டி, ஒரு மாசம் சம்பளம் இல்லாமயும் எடுத்து எட்டு மாசம் வரைக்கும் இழுத்தேன். கூடப் படிச்சவ ஒருத்தி அரசுப் பள்ளி டீச்சர், அவங்களுக்கு 2021லேர்ந்து ஒரு வருஷம் லீவு. அவ ஸ்டேட்டஸ்ல குழந்தை நடக்கற வீடியோ வரும்போதெல்லாம் நான் அன்னைக்கே குரூப் எக்ஸாம் எழுதிருக்கலாம்னு தோணும்.

அம்மா திருநெல்வேலில இருக்காங்க, அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், அவர விட்டுட்டு வர முடியாது. அத்தைக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது, தவழற பிள்ளை பின்னாடி ஓட முடியாது. டேகேர்னு சொன்னதும் அம்மா ஃபோன்ல, பச்சப்பிள்ளைய யாரு கையிலயோ குடுத்துட்டு உனக்கு அங்க வேலை ஓடுமாட்டின்னு கேட்டாங்க. ஓடாதும்மா, ஆனா வீட்டு லோன் ஓடுதுல்லன்னு சொல்லிட்டு வச்சுட்டேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன்.

மொதல்ல கம்பெனியத்தான் கேட்டேன். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடம்னா குழந்தைய பார்த்துக்க க்ரெஷ் வசதி பண்ணித் தரணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தைய பார்த்துட்டு வரலாம்னு சட்டத்துலயே இருக்கு. எங்க கம்பெனில ஆயிரக்கணக்குல ஆளு. எச்ஆர்ல கேட்டா, இருக்கே மேடம், டை-அப் வச்சிருக்கோம்னாங்க. எங்கன்னா சிறுசேரில. பெருங்குடிலேர்ந்து சிறுசேரிக்கு ஓஎம்ஆர்ல நாலு தடவை போயிட்டு வரதுக்கு நான் பேசாம ஆட்டோவே ஓட்டலாம். அதுவும் ஒன்றரை வயசு ஆனாத்தான் சேர்ப்பாங்களாம். இந்த ஒன்றரை வயசு விஷயத்த நெறைய இடத்துல கேட்டேன், குழந்தை நடக்க ஆரம்பிச்சப்புறம் வாங்க மேம்னு. லீவு முடியறது ஆறு மாசத்துல, சேர்த்துக்கறது ஒன்றரை வயசுல, நடுவுல இருக்கற ஒரு வருஷம் அம்மாக்காரி குழந்தைய எங்க வச்சுக்குவாள்னு யாருமே யோசிச்ச மாதிரி தெரியல.

வீட்டு வேலைக்கு வர அக்கா, பால்வாடில விடுங்கக்கான்னாங்க. உண்மைல பால்வாடி மேல எனக்கு நல்ல மரியாதை உண்டு, நானே பால்வாடிப் பிள்ளைதான், தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல அங்கன்வாடி இருக்கு, பாப்பாவுக்கு ஆறு மாசத்துலேர்ந்து சத்துமாவு பாக்கெட் அங்கதான் வாங்கறோம், நெய் விட்டு கிண்டினா நானே பாதி சாப்ட்ருவேன். ஆனா அங்க உக்கார வைக்கறது ரெண்டு வயசுலேர்ந்துதான், அதுவும் சாயங்காலம் வரைக்கும் கிடையாது. ஐடி கம்பெனிக்காரிக்கு ஒத்து வராது.

சரி, பிரைவேட் தேடல். மொத இடம் பெரிய செயின். வாசல்லயே ஒட்டகச்சிவிங்கி பெயின்டிங், ஏசி, ஷூவ கழட்டி வைக்க தனி ரேக். மாசம் 16,500. சனிக்கிழமை அப்பாயின்மென்ட் வாங்கித்தான் பார்க்கணுமாம், போனா ஒரு குழந்தை கூட இல்ல, சனிக்கிழமை லீவாச்சே. கல்யாணம் முடிஞ்ச மண்டபத்த சுத்திப் பார்த்த மாதிரி இருந்துச்சு. கரிகுலம்னு ஒரு ஃபைல் காட்டினாங்க, எட்டு மாசக் குழந்தைக்கு கரிகுலம்! ஃபோன்லயே கேமரா பார்க்கற ஆப் இருக்குன்னதும் வீட்டுக்காரர் கவுந்துட்டார். நான் யோசிச்சேன், கேமராவுல பிள்ளை அழறது தெரியும், சத்தம் வராது, மீட்டிங்ல உக்காந்துக்கிட்டு சத்தமில்லாம அழற பிள்ளைய பார்த்து நான் என்ன பண்றது? தூளி கேட்டதுக்கு அந்த மேடம் சிரிச்சுட்டு, அதெல்லாம் சயின்டிஃபிக் இல்ல மேம், நாங்க ஸ்லீப் ட்ரெயினிங் குடுப்போம்னாங்க. சரி, பாப்பாவ யாரு வச்சுப்பாங்க, அவங்கள பார்க்கலாமான்னேன். கேர்கிவர் டீம் இருக்கு மேம்னாங்க. பேரு இல்ல, முகம் இல்ல, டீம். நோண்டி நோண்டி கேட்டதுல ஆளுங்க அஞ்சாறு மாசத்துக்கு மேல நிக்கறதில்லன்னு வந்துச்சு. நம்ம ப்ராஜெக்ட்ல ஆள் போனா அடுத்து வரவங்களுக்கு வேலைய விளக்கி கேடி டாக்குமென்ட் எழுதி வச்சுட்டு போவோம், பிள்ளை எந்தப் பக்கம் சாய்ச்சா பால் குடிக்கும்னு யாரு டாக்குமென்ட் எழுதி வைப்பா?

ரெண்டாவது மடிப்பாக்கத்துல ஒரு ஆன்ட்டி வீட்டுலயே நடத்தறது, 7,000 ரூபா, ஏழு பிள்ளைங்க. தூளியா, கட்டிட்டா போச்சு, எத்தனை வேணும்னாங்க. எது கேட்டாலும் அதுக்கென்னம்மா பண்ணிடலாம்தான். அதுவே எனக்கு உறுத்த ஆரம்பிச்சுது. பம்ப் பண்ண தாய்ப்பால் குடுத்தனுப்பினா குடுப்பீங்களான்னு கேட்டேன், ஓ குடுப்போமே, மிச்சம் இருந்தா சாயங்காலம் சூடு பண்ணி குடுத்துடுவோம்னாங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச பால் நாலு நாள் தாங்கும், ஆனா சூடு காட்டி பிள்ளை வாய் வச்ச மிச்சத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், இல்லன்னா கொட்டிடணும், திரும்பத் திரும்ப சூடு பண்ணக் கூடாது. நான் அங்க இருந்த முக்கால் மணி நேரமும் டிவில ரைம்ஸ் ஓடுச்சு, ஒரு குட்டிப் பையன் கண்ணு சிமிட்டாம பார்த்துட்டே இருந்தான். ஒரு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருக்கு. எங்க வீட்டுலயும் சோறு ஊட்டறப்போ ஃபோன் தூக்கின பாவம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா பத்து மணி நேரம் தாங்காது.

மூணாவது இடம் எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டாவது மாடி, ஒரே ஒரு ஒடுக்கமான படி, கீழ ஹோட்டல் கிச்சன். படியில ஏறும்போதே எனக்கு கும்பகோணம் ஞாபகம் வந்துடுச்சு. 2004 ஜூலை 16, 94 பிள்ளைங்க. மதிய சாப்பாடு சமைச்ச நெருப்பு கூரையில பிடிச்சுது, இறங்க வழி பத்தல. நான் அப்போ எட்டாவது, அடுத்த வாரமே எங்க ஸ்கூல்ல சைக்கிள் ஷெட் கூரைய பிரிச்சுப் போட்டாங்க, வெயில்ல சைக்கிள் சீட்டு சுடும், யாரும் வாயத் திறக்கல. அந்த டேகேர்ல நடக்கத் தெரியாத பிள்ளைங்க ஒன்பது, ஆயாங்க ரெண்டு பேரு. ஒருத்தருக்கு ரெண்டு கை. நான் மனசுக்குள்ள தூக்கித் தூக்கி கணக்கு பண்ணிப் பார்த்தேன், நாலு பிள்ளை தான் கீழ வருது. அதுக்கு மேல அங்க நிக்க முடியல.

சரி கீழ்வீடா பார்க்கலாம்னா நாங்க இருக்கறது வேளச்சேரி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல போட் விட்டாங்க. இங்க வீடு பார்த்தாலும் சரி டேகேர் பார்த்தாலும் சரி, 2023ல எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு பக்கத்து கடைக்காரர்கிட்ட கேக்கணும், ஓனர்கிட்ட கேக்கக் கூடாது, ஓனர் வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சும்பார்.

கடைசில சேர்த்த இடம் வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய தனி வீடு. திண்ணை உயரமா, முன்பக்கமும் பின்பக்கமும் வாசல். நான் சொல்லாம கொள்ளாம மதியம் மூணரைக்கு போனேன். யாராச்சும் டேகேர் பார்க்கப் போறீங்கன்னா அந்த நேரத்துக்குப் போங்க. காலைல எல்லா இடமும் பளிச்சுன்னுதான் இருக்கும். மூணரைக்குத்தான் பிள்ளைங்க தூங்கி எழுந்து ஒவ்வொண்ணா சிணுங்கும், ரெண்டு டயபர் ஒரே நேரத்துல நிறையும், ஆயாங்களுக்கும் களைப்பு வந்திருக்கும். அங்க ஒரு ஆயாம்மா, அம்பது வயசு இருக்கும், ஒரு பிள்ளைக்கு கால் கழுவி விட்டுட்டு, சோப்பு போட்டு கைய கழுவி, முந்தானையில துடைக்காம தனி துண்டுல துடைச்சுட்டு அடுத்த பிள்ளைய தூக்கினாங்க. அவங்களுக்கு நான் நின்னு பார்க்கறதே தெரியாது.

தூளி கட்டுவீங்களான்னு கேட்டேன். மாட்டோம்னாங்க, மூஞ்சிக்கு நேரா. பத்து புள்ளைக்கு பத்து தூளி எங்க கட்டறது, ஒரு புள்ளைக்கு கட்டினா மத்ததெல்லாம் அதப் பிடிச்சு தொங்கும், உங்க வாசம் இருக்கற பழைய நைட்டி ஒண்ணு குடுங்க, பாயில போட்டு தட்டினா நாலஞ்சு நாள்ல தூங்கிடும், மொத ரெண்டு நாள் அழும், அதுக்கு நீங்க பயந்துக்கக் கூடாதுன்னாங்க. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னா, ஏழு வருஷம். அங்கயே முடிவு பண்ணிட்டேன். மாசம் 9,500, கேமரா வாசல்ல மட்டும்தான், கரிகுலம் கிடையாது.

அழுதது ரெண்டு நாள் இல்ல, ஒன்பது நாள். எட்டு ஒன்பது மாசத்துலதான் பிள்ளைங்களுக்கு ஆள் பிரிஞ்சு தெரிஞ்சு அம்மா போனா அழற பருவமே ஆரம்பிக்குமாம், டாக்டர் சொன்னார், நான் கரெக்டா அந்த நேரமா பார்த்து கொண்டு போய் விட்டிருக்கேன். மொத நாள் ஒரு மணி நேரம், மறுநாள் ரெண்டு, இப்படி கூட்டிக்கிட்டே போனோம். பத்தாவது நாள் ஆயாம்மா வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினாங்க, பாயில குப்புறப் படுத்து என் நைட்டிய கடிச்சுக்கிட்டே தூங்கறா. வீட்டுல மட்டும் இன்னைக்கு வரைக்கும் தூளிதான், எங்க எது நடக்கும்னு மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கு.

மொத மூணு மாசம் சளி, காய்ச்சல், திரும்ப சளி. நடுவுல கை, கால், வாயெல்லாம் கொப்புளம் வந்து பத்து நாள் வீட்டுல, 2022ல கேரளாவுல தக்காளி காய்ச்சல்னு பேப்பர்ல பயமுறுத்தினாங்களே, அந்த வகையறாதான்னார் டாக்டர். பயப்பட வேண்டாம், தானா போயிடும், ஆனா எல்லா பிள்ளைக்கும் பரப்பிடுவா, அனுப்பாதீங்கன்னார். என் லீவு எல்லாம் ஏற்கனவே காலி, அவர் நாலு நாள் எடுத்தார், மீதி வொர்க் ஃப்ரம் ஹோம்னு ஒப்பேத்தினேன்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒரு நாள் காலைல லேசா சூடு இருந்துச்சு, அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல ப்ராஜெக்ட் ரிலீஸ், பாராசிட்டமால் சொட்டு மருந்து குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டு போயிட்டேன். அந்த மருந்து தாங்கறது நாலுலேர்ந்து ஆறு மணி நேரம். கரெக்டா பன்னெண்டரைக்கு ஃபோன். போய் நின்னா ஆயாம்மா திட்டவே இல்ல, காலைல மருந்து குடுத்தியாம்மான்னு மட்டும் கேட்டாங்க, நான் தலைய ஆட்டினேன். என் சின்னவ புள்ளைக்கு நானும் இப்படித்தான் குடுத்துட்டு இங்க வந்து நிப்பேன், ஆனா சொல்லிடு, இங்க ரெண்டு புள்ளைங்க ஆறு மாசம்தான்னாங்க. அவங்க பேரன பெரும்பாக்கத்துல பால்வாடில விடறாங்க, மதியத்துக்கு மேல பக்கத்து வீட்டுல. அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

போன மாசம் அதே ஆயாம்மா வேலைய விடப் போறதா பேச்சு வந்துச்சு. ஒரு அபார்ட்மென்ட்ல ரெட்டைக் குழந்தைய பார்த்துக்க கூப்பிடறாங்களாம், 4,000 ரூபா அதிகம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. இங்க அவங்களுக்கு எவ்வளவு சம்பளம்னு ஓனர்கிட்ட ஒரு அம்மா நேராவே கேட்டுட்டாங்க, பதில் கேட்டதும் எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரல, நாங்க மாசம் ஸ்விக்கிக்கு குடுக்கறதவிட பெருசா ஒண்ணும் அதிகம் இல்ல. அப்புறம் பேசி, வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாள் சண்டை போட்டு, ஒரு அப்பா எக்ஸெல் ஷீட்டெல்லாம் போட்டு, கடைசில ஃபீஸ் ஏத்தறதுக்கு நாங்களே ஒத்துக்கிட்டோம், ஏத்தற காசு ஆயாங்க சம்பளத்துக்குத்தான் போகணும்ங்கற கண்டிஷனோட.

இந்த மாசத்துலேர்ந்து 700 ரூபா கூட. ஆயாம்மா இருக்காங்க. போறேன் இல்லங்கறத பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல, பொங்கலுக்கு மூணு நாள் ஊருக்குப் போறேன், அந்த மூணு நாள் நீங்க பார்த்துக்கங்கன்னு மட்டும் சொன்னாங்க. லீவு இப்பவே அப்ளை பண்ணிட்டேன்.