மூடிக் கிடந்த நீச்சல்குளத்துக்கும் பணம் தேவைப்பட்டது

லண்டனின் ஓரப் பகுதி ஒன்றில் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, சொந்தமான லெஷர் சென்டர் இருக்கிறது. அதை நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். அதன் பொருளாளராகச் சம்பளம் வாங்காமல் இருந்து வருகிறேன். ஒரு நீச்சல்குளம், ஒரு ஜிம், பாட்மின்டன் ஆடுகிற பெரிய கூடம், அவ்வளவுதான். கொரோனா காலத்தில் அது ஒரேயடியாக மூடப்படாமல் இருக்க எங்கெங்கே பணம் கேட்டோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை எழுதுகிறேன். இதுபோன்ற நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தமிழர்களுக்கு உதவக்கூடும்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. ஜிம்களும் நீச்சல்குளங்களும் மூட வேண்டும் என்று பிரதமர் அறிவித்தார். நுழைவுக் கட்டணம், சந்தா, நீச்சல் வகுப்பு, பெரிய கூடத்தின் வாடகை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. செலவு நிற்கவில்லை. நீச்சல்குளத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும், பயன்படுத்தாத ஷவர் குழாய்களில் லெஜியோனெல்லா கிருமி வளரும். பம்ப் ஓட வேண்டும், குளோரின் பார்க்க வேண்டும், குழாய்களை முறை வைத்துத் திறந்துவிட வேண்டும். ஆள் வராத கட்டடத்துக்கும் மின்கட்டணமும் காப்பீடும் வந்துகொண்டே இருந்தன.

முதலில் கவுன்சில் வழியாக வந்த 25,000 பவுண்ட் மானியத்தைத்தான் எல்லோரும் நம்பினோம். கட்டடத்தின் வரி மதிப்பு 51,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால்தான் அது கிடைக்கும். நீச்சல்குளம் உள்ள கட்டடம் எளிதாக அந்த வரம்பைத் தாண்டிவிடும், எங்களுடையதும் தாண்டியது. அந்த ஆண்டு வணிகக் கட்டட வரியை அரசு முழுதாகத் தள்ளுபடி செய்ததும் பெரிதாக உதவவில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு 80 சதவீதம் ஏற்கெனவே தள்ளுபடிதானே.

ஊழியர்களைக் காப்பாற்றியது ஃபர்லோ திட்டம். வேலையின்றி வீட்டில் இருந்த ஊழியர்களுக்கு, மாதம் 2,500 பவுண்ட் உச்சவரம்போடு, சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசு கொடுத்தது.

அப்புறம் சென்டரை நடத்துவதற்காகக் கவுன்சில் ஆண்டுதோறும் எங்களுக்குத் தரும் நிர்வாகக் கட்டணம். ஆபத்தில் இருக்கும் ஒப்பந்ததாரர்களுக்கு, வேலை நின்றிருந்தாலும், ஜூன் முடியும்வரை பொது அமைப்புகள் பணம் கொடுக்கலாம், முன்பணமும் தரலாம் என்று மத்திய அரசு மார்ச்சிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அதைக் காட்டித்தான் முன்பணம் கேட்டோம். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கணக்குப் புத்தகத்தை முழுதாகத் திறந்துகாட்ட வேண்டும். இன்னொன்று, ஒரே ஊழியரின் சம்பளத்துக்கு ஃபர்லோவும் கவுன்சில் பணமும் சேர்த்து வாங்கக்கூடாது. அதனால் பம்ப் அறையைக் கவனிக்கும் ஊழியர்களின் சம்பளத்தை நிர்வாகக் கட்டணத்திலும், மற்றவர்களுடையதை ஃபர்லோவிலும் வைத்து, பெயர் பெயராகத் தனிப் பட்டியல் போட்டோம்.

கவுன்சிலின் நிதி அதிகாரி மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு வாரக் கணக்கு கேட்டார். எந்த வாரத்தில் வங்கியில் பணம் தீரும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சரியான கேள்வி அது. அந்த அட்டவணையோடு இன்னொரு தாளும் கொடுத்தோம். எங்கள் நிறுவனம் திவாலானால் சாவி கவுன்சிலிடம் போகும். பிறகு காவல், காப்பீடு, தண்ணீர்ப் பராமரிப்பு எல்லாம் அவர்கள் தலையில். மறுபடி திறக்கப் புது ஆட்களை எடுக்க வேண்டும், அல்லது புது ஒப்பந்தம் போட வேண்டும். அந்தச் செலவை வரிவரியாக எழுதினோம். எத்தனை பிள்ளைகள் இங்கே நீந்தப் பழகினார்கள், எத்தனை முதியவர்கள் மூட்டு வலிக்காக வருகிறார்கள் என்பதையும் மனதாரச் சொன்னோம். ஆனால் கவுன்சிலர்களின் முடிவை மாற்றியது அந்தத் தாள்தான் என்று நினைக்கிறேன். முன்பணம் வந்தது.

ஜூலை 25 அன்று நீச்சல்குளமும் ஜிம்மும் திறக்க அனுமதி கிடைத்தது. இடைவெளி விட்டு ஆட்களை அனுமதித்ததால் வரவு பழைய அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

எனக்கு இன்றும் மனதை உறுத்துவது ஒன்று. கவுன்சில்கள் இழந்த கட்டண வருமானத்தில், பட்ஜெட்டின் முதல் 5 சதவீதம் போக, ஒவ்வொரு பவுண்டுக்கும் 75 பென்ஸ் மத்திய அரசு ஈடு செய்தது. கவுன்சில் நேரடியாக நடத்தும் சென்டர்களின் இழப்பு அதில் அடங்கியது. எங்களைப் போல வெளியார் நடத்தும் இடங்களின் வருமானம் கவுன்சிலின் வருமானம் ஆகாது என்பதால் அந்த வழி எங்களுக்கு இல்லை. நீந்த வரும் மக்கள் ஒரே மக்கள். யார் கணக்கில் டிக்கெட் பணம் விழுகிறது என்பதை வைத்து உதவியைப் பிரித்தது நியாயமில்லை.

இந்த இடைவெளிக்காகத்தான் அக்டோபரில் 10 கோடி பவுண்ட் தேசிய நிதி ஒன்றை அறிவித்தார்கள். விளையாட்டுக்கு நிதி தரும் அரசு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து அதைக் கையாண்டது. நாங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது, கவுன்சில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கெடு ஜனவரி நடுவில். இடையில் நவம்பர் 5 முதல் நான்கு வாரம் ஊரடங்கு, டிசம்பர் 20 முதல் லண்டனில் மறுபடி மூடல். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் மேலாளரும் கவுன்சில் அதிகாரியும் வீட்டிலிருந்தே எண்களைச் சரிபார்த்தார்கள். வாரக் கணக்கு ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் நேரத்துக்கு முடிந்தது. கிடைத்த தொகை முழுப் பற்றாக்குறையையும் நிரப்பவில்லை, மார்ச் வரை ஓட்டப் போதுமானதாக இருந்தது.

பின்னால் வந்த மூடல் மானியங்களில் பெரிய கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 51,000 பவுண்டோ அதற்கு மேலோ வரி மதிப்பு இருந்தால் நவம்பர் ஊரடங்குக்கு 3,000, ஜனவரியில் ஒருமுறை 9,000, மறுதிறப்புக்கு 18,000 பவுண்ட். 2021 ஏப்ரல் 12 அன்று குளத்தைத் திறந்தோம், குழு வகுப்புகள் மே 17 முதல்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கவுன்சில் தரும் பணம் மானியமா, கடனா, வரவேண்டிய கட்டணத்தின் முன்பணமா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. அது முன்கூட்டியே எழுத்தில் இருந்ததால் 2022 பட்ஜெட்டில் அதற்கு இடம் ஒதுக்க முடிந்தது.