காலியாகக் கிடக்கும் கால்வாய்

2018இல் சிங்கப்பூரின் தெம்பனிஸில் குடியேறிய புதிதில், எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி ஓடும் கால்வாயைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாரியே இறங்கி ஓடலாம், அவ்வளவு அகலம். அடியில் மட்டும் கணுக்கால் நனையாத அளவுக்குத் தண்ணீர். சின்ன ஊர், நிலத்துக்கு இத்தனை தட்டுப்பாடு, இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "அந்த லோங்காங் சும்மா இல்லம்மா. மழை வரட்டும், பாரு" என்றார். லோங்காங் என்றால் இங்கே வடிகால்.

மழை என்றால் எனக்கு வயிற்றைப் பிசையும். நான் சென்னையை ஒட்டிய முடிச்சூர்க்காரி. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து எங்கள் தெருவுக்குள் வந்தபோது, மொட்டை மாடியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தோம். மீனவர்கள் கடற்கரையிலிருந்து படகு கொண்டுவந்துதான் அம்மாவை இறக்கினார்கள். காம்பவுண்டுச் சுவரின் மேல் படகு உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த அண்ணன்களின் பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் போனேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. சிங்கப்பூரில் சராசரி 2,100க்கும் மேல். அதுவும் ஐப்பசி, கார்த்திகை என்று காத்திருக்காது. விடியற்காலையில் சுமத்ரா காற்று வீசும், ஜன்னல் படபடவென்று அடித்துக்கொள்ளும், கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்படி ஒரு காலையில்தான் ஆன்ட்டி சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். சுவரில் வரைந்திருந்த அளவுக்கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காப்பிக் கலரில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடியது. மதியம் போய்ப் பார்த்தால் பழையபடி ஓடை, ஓரத்தில் ஒரு கொக்கு.

எல்லா நாளும் கால்வாய் தாங்கிவிடாது. 2021 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை காலை. தெம்பனிஸ் அவென்யூ 10, பாசிர் ரிஸ் டிரைவ் 12இல் வந்து சேரும் சந்திப்பு முழுக்கத் தண்ணீர். நடுவில் கார்கள் மாட்டிக்கொண்டு நின்றன. குடிமைத் தற்காப்புப் படையினர் இறங்கித்தான் உள்ளே இருந்தவர்களை மீட்டார்கள். நாங்கள் மளிகை வாங்கப் போய்வரும் வழி அது. போனில் அந்த வீடியோவைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. முடிச்சூரில் தண்ணீர் வரப்போகிறது என்று பயப்படவாவது நேரம் இருந்தது. இங்கே சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் சக்கரம் மூழ்கிவிடுகிறது. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். மழை நாளில் என் கணவர் வண்டியை எடுத்தால், சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் திரும்பி வந்துவிடச் சொல்கிறேன். லேட்டானால் ஆகட்டும்.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி 1978 டிசம்பரைப் பற்றிச் சொன்னார். ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் பெய்து 7 பேர் இறந்த வெள்ளம். அப்போது அவர் கம்பத்து வீட்டில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்து வீட்டில், இருந்த சின்னப் பெண். "அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. கோழியெல்லாம் மிதந்துச்சு." அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம்தான் அந்தக் காலிக் கால்வாய் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கல்லாங் ஆற்றின் சிமெண்டுக் கரையை உடைத்து, 2012இல் புல்லும் கல்லுமாக விட்டிருக்கிறார்கள். மகள் அங்கே குட்டி மீன் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு மேல் தூறல்கூட இல்லை, திடீரென்று சைரன் அடித்தது. ஆற்றின் மேற்பக்கம் எங்கோ கொட்டியிருக்கிறது. ஒரு தாத்தா, "ஏறுங்க, ஏறுங்க!" என்று தமிழிலும் மலாயிலும் கத்தினார். மகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்றிருந்த கல்லைக் காணவில்லை.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகும்போது அவளே கால்வாய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, "அம்மா, மூணாவது கோடு" என்கிறாள். நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. அப்படியும் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கின்றன.