செருப்பு அறுபது ஜோடி

எங்கள் திருச்சபைச் சேகரத்திலிருந்து ஒன்பது பேர் 2019 நவம்பரில் நேபாளத்திலுள்ள பொக்காராவுக்குச் சென்று, அங்குள்ள ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பன்னிரண்டு நாட்கள் ஊழியம் செய்து திரும்பினோம். அந்த மருத்துவமனையின் பெயரையும் நோயாளிகளின் படங்களையும் இணையத்தில் வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டும் இங்கே இல்லை. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல எங்கள் போதகர் ஐயர் எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய திருநெல்வேலிப் பக்கத்தில் மிஷனெரி என்ற சொல்லைக் கேட்காமல் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை என் அம்மா காலத்தில் எங்கள் வீட்டில் தவறியதே கிடையாது. எங்கள் பயணச் செலவிலும் ஒரு பகுதி அப்படிச் சேர்ந்த பணம்தான். ஆறு மாதம் ஆயத்த ஜெபம் செய்தோம், வெள்ளிதோறும் உபவாசம் இருந்தோம், கொண்டுபோகவேண்டிய பொருட்களுக்குப் பட்டியல் போட்டோம். தொழுநோயாளிகள் வெறுங்காலுடன் நடப்பார்களே என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அறுபது ஜோடி ஹவாய் செருப்புகளை வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றை மூன்று சாக்குகளில் கட்டி, சென்னையில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் ஏற்றி, இரண்டு இரவுகள் காலை நீட்ட இடமின்றிப் பயணம் செய்து கோரக்பூரில் இறங்கினோம்.

கோரக்பூரிலிருந்து எல்லை ஊரான சோனௌலிக்குப் பேருந்தில் செல்லும் வழியில் நௌதன்வா வருகிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர்தான், ஆனால் அதைக் கடக்கும்போது பேருந்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். 1768-இல் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுவைப் பிடித்த பிறகு, அங்கிருந்த கப்புச்சின் என்னும் கத்தோலிக்கத் துறவு சபைக் குருமார்கள் வெளியேறவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 1951 வரை நேபாளம் மிஷனெரிகளுக்கு மூடிய நாடாகவே இருந்தது. லில்லி ஓஹான்லன் என்ற மிஷனெரி மருத்துவரும் அவருடைய உடன் ஊழியர் ஹில்டா ஸ்டீலும் இந்த நௌதன்வாவில் மருந்தகம் நடத்தி, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, எல்லை திறக்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஜெபித்துக் காத்திருந்தார்கள். 1952-இல் அனுமதி கிடைத்ததும் சில பெண்களும் நேபாளக் கிறிஸ்தவர்களுமாகப் புறப்பட்டு, சாலையே இல்லாத மலையில் நாள்கணக்கில் நடந்து பொக்காராவை அடைந்தார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய அலுமினியத் தகட்டுக் கொட்டகைகள் வெயிலில் பளபளத்ததால், ஊரார் அதைப் பளபளக்கும் ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்களாம். அவர்கள் நடந்த தூரத்தை நாங்கள் சித்தார்த்த நெடுஞ்சாலையில், 1954 முதல் மிஷன் மருத்துவமனை இயங்கிவரும் தான்சேன் வழியாக, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு ஒரே பகலில் கடந்தோம்.

முதல் நாள் காலையிலேயே செருப்புச் சாக்குகளை அவிழ்த்தோம். மருத்துவமனையின் செருப்புத் தயாரிப்புக் கூடத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒரு ஜோடியை எடுத்து, முன்வாரை இரண்டு விரல்களால் இழுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக மறுபடியும் சாக்கிலேயே வைத்தார். வார்ச் செருப்பைப் பெருவிரலும் அடுத்த விரலும் இறுக்கிப் பிடித்தால்தான் காலில் நிற்கும். தொழுநோயால் நரம்பு கெட்ட காலில் அந்தப் பிடிப்பு இருக்காது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, வார் உரசிப் புண்ணானாலும் தெரியாது, மெல்லிய அடிப்பகுதியைத் துளைத்து ஆணி ஏறினாலும் தெரியாது. அவர்கள் செய்வது எம்.சி.ஆர். என்னும் மென்மையான நுண்ணறை ரப்பரை உள்ளே வைத்து, குதிகாலைச் சுற்றிப் பின்வார் போட்டு, ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒட்டித் தைக்கும் செருப்பு. இதெல்லாம் தொழுநோய் மருத்துவத்துக்குப் பேர்போன நம் தமிழ்நாட்டு வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஆறு மாதம் ஜெபித்த நாங்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த அறுபது ஜோடியும் தோட்டக்காரர்கள், காவலாளிகள், சமையலறையில் வேலை செய்கிறவர்கள் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அன்று மாலையே இன்னொரு வருத்தமும் சேர்ந்தது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த நேபாளக் குற்றவியல் சட்டப்படி, மதமாற்றம் செய்கிறவர்களுக்கும் அதற்குத் தூண்டுகிறவர்களுக்கும் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்து ஏழு நாட்களுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கக்கூடாது, வார்டில் சத்தமிட்டு ஜெபிக்கக்கூடாது, நோயாளி தாமாகக் கேட்டாலொழியத் தலையில் கைவைக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் குழுவின் மூத்தவருக்கு இது பொறுக்கவில்லை. "வாயைக் கட்டிப்போட்டா என்னத்த ஊழியம்?" என்று அன்றிரவு சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்தார். என் மனமும் ஏறக்குறைய அவர் பக்கம்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஆனால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்து படுக்கையில் கிடக்கும் ஒருவர் வேண்டாமென்று எழுந்துபோக முடியாத நிலையில் இருக்கிறார் என்பதும், அவருடைய தலைமாட்டில் நின்று நாம் கேட்கிற சம்மதம் சம்மதமே ஆகாது என்பதும், எனக்கு நான்கைந்து நாட்கள் கழித்துத்தான் உறைத்தது.

எங்களுக்கு வழிகாட்டிய செவிலியர் வேலூரில் படித்த நேபாளப் பெண். மாணவியாக இருந்தபோது பிடித்த தமிழை இன்னும் மறக்கவில்லை. அவர்தான் எங்களுக்கு உறவுமுறைச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார். அண்ணனை அவர்கள் அழைக்கும் சொல் நம் காதில் 'தாய்' என்றும், அம்மாவை அழைக்கும் சொல் 'ஆமா' என்றும் விழும். எனவே வார்டில் மூதாட்டி ஒருவரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், யாரோ கேட்ட கேள்விக்கு நாங்கள் ஒப்புதல் சொல்வதுபோலவே இருந்தது.

அப்படி ஓர் ஆமாவுக்கு உணர்ச்சிச் சோதனை நடந்தபோது அருகில் இருந்தேன். நைலான் இழை ஒன்றைக் கைப்பிடியில் பொருத்தியிருப்பார்கள். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழை வளையும் அளவுக்குப் பாதத்தில் மெல்ல அழுத்த, பட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். செவிலியர் பெருவிரலின் அடியில் அழுத்தினார், இழை வில்லாக வளைந்தது. ஆமா அசையவில்லை. பாதத்தின் முன்மேட்டில், நடுவில், குதிகாலில் என்று ஒவ்வோரிடமாக அழுத்தி, தாளில் வரைந்திருந்த பாதப்படத்தில் குறித்துக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்து இழையை மேசைமேல் வைத்த பிறகு, இன்னும் கண்ணை மூடியபடியே இருந்த ஆமா நேபாளியில் ஏதோ கேட்டார். "எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேக்கறாங்க" என்றார் செவிலியர்.

தொழுநோய்க் கிருமியைக் கொல்லக் கூட்டுமருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். செத்த நரம்பு மட்டும் திரும்புவதில்லை. விரல்கள் குறைவது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் சுட்டுக்கொள்வதாலும் புண்ணோடு நடப்பதாலும்தான் என்பதை வேலூரில் எடுத்துக்காட்டிய டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். ஆகவே நோய் குணமான பிறகும் ஆயுள் முழுவதற்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தினமும் பாதங்களைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் பூசவேண்டும். விரலிடுக்கு முதல் குதிகால் வரை புதுக்காயம் உண்டா என்று கண்ணால் தேடவேண்டும். கையிலும் உணர்ச்சி போனதால் தொட்டுப் பார்த்தும் பயனில்லாத பலருக்குக் கண் ஒன்றுதான் துணை.

தினமும் காலையில் முற்றத்து வெயிலில் இருபது முப்பது பேர் வரிசையாகப் பேசின்களில் காலை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மேகம் விலகினால் அவர்களுக்குப் பின்னால் மச்சபூச்சரே சிகரம் வெள்ளையாக நிற்கும். பேசின்களைப் பார்த்ததுமே எங்கள் ஒன்பது பேருக்கும், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. பெரிய வியாழன் ஆராதனையில் வருடந்தோறும் வாசிக்கக் கேட்டதல்லவா? வாயால் சொல்லாவிட்டால் என்ன, கையால் செய்வோம் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் மூத்தவர் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் வந்தது. ஒரு பெரியவரின் காலை அவர் கையில் எடுத்ததும் செவிலியர் ஓடிவந்தார். "ஐயா, நீங்க கழுவக்கூடாது. அவங்க கால அவங்களே பாக்கணும். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, அப்புறம் யார் பாப்பாங்க?"

மூத்தவர் காலைக் கீழே விட்டார். பிறகு என்னதான் செய்வது என்று கேட்டதற்கு, தண்ணீர் மாற்றலாம், எண்ணெய் ஊற்றித் தரலாம், மற்ற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்றார் அந்தச் செவிலியர். மீதி நாட்களை அப்படியே கழித்தோம். வாளி தூக்கினோம், கட்டுத்துணி சுருட்டினோம். மடங்கிப்போன விரல்களால் கல்லைப் பிடிக்க முடியாமல் ஒருவர் மூன்று முறை தவறவிடும்போது, எடுத்துக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நான் பட்ட பாட்டை வேறெதற்கும் பட்டதில்லை. அந்த நேரங்களில் உதடு அசையாமல் ஜெபித்தேன். என் ஜெபங்களில் சொற்கள் இவ்வளவு குறைந்துபோனதும் அங்கேதான்.

சனிக்கிழமை ஊர்ச் சபைக்குப் போனோம். நேபாளத்தில் விடுமுறை நாள் சனி என்பதால் ஆராதனையும் அன்றுதான். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் பூகம்பம் வந்ததும் ஒரு சனிக்கிழமையில், பல சபைகள் ஆராதனையில் கூடியிருந்த வேளையில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிறிஸ்துவுக்கு ஜெயம் என்று பொருள்படும் 'ஜய மசீஹ்' சொல்லிக் கைகூப்பி, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாகத் தரையில் அமர்ந்தபோது, என் பாட்டி ஊர்க் கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. ஜெபவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் குரலில் வேண்டினார்கள். வார்டில் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் எங்கள் மூத்தவர் அங்கே தமிழில் கொட்டித் தீர்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புறப்படும் நாளன்று விடைபெறப் போனபோது, இழைச் சோதனையில் பார்த்த அந்த ஆமா குனிந்து என் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்குளிரில் பித்தவெடிப்பு பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்கு வலி இருந்தும் நான் கவனிக்கவில்லை. அவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, பேசினைக் காலால் என் பக்கம் தள்ளி, கல்லையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். என் காலைத் தொடவில்லை. நான் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்தபின் சேகர அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில், 'செருப்பு அறுபது ஜோடி, நோயாளிகளுக்குப் பயன்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அதை எடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். ஐயர் இருக்கட்டும் என்றார். அடுத்த முறை என்ன அனுப்பலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இந்தத் தடவை கேட்டே எழுதினார்கள். பழைய பேசின்கள் விரிசல் விட்டுவிட்டன, நாற்பது வேண்டும், ஆனால் அவை பொக்காரா கடைத்தெருவிலேயே கிடைக்கும், சுமந்துகொண்டு வரவேண்டாம், பணமாக அனுப்பினால் போதும் என்று பதில் வந்திருக்கிறது.